சட்டையின் நிறத்தில் ஒரு கால்வாய்

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கோலத் திரெங்கானு போயிருந்தோம். கம்பத்து வீடு ஒன்றின் பின்கட்டில் பாத்தேக் பட்டறை. அப்பாவுக்கு மயில்கழுத்து நீலத்தில் ஒரு சட்டை எடுத்தோம். வெளியே வந்து பார்த்தால், பின்னால் ஓடிய கால்வாயும் அதே நீலம்!

“மழை பெய்தால் போய்விடும்” என்றார் பட்டறை அக்கா. போகும்தான். ஆனால் எங்கே?

வானொலியில் பேச விஷயம் தேடும் சாக்கில் படிக்கத் தொடங்கினேன். துணியில் பிடிக்காத சாயம், அலசும் நீரோடு வெளியேறுகிறது. எளிதில் மக்காது. வெயிலைத் தடுத்து நீர்ச்செடிகளை வாட்டும். அந்த மயில்கழுத்து நிறம் தரும் சாயங்கள் சிலவற்றில், ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு செம்பு அணு இருக்கிறதாம்.

இதைப் பிடிக்க நானோ பொருள்களை ஆய்வு செய்கிறார்கள். அவை ஸ்பாஞ்ச் போல உள்ளே உறிஞ்சுவதில்லை, மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கின்றன. ஒண்டே-ஒண்டே பலகாரத்தில் தேங்காய்ப்பூ ஒட்டுகிறதே, அப்படி. அதே மாவைப் பெரிய உருண்டையாகப் பிடிக்காமல் குட்டிக் குட்டியாக உருட்டினால் தேங்காய்ப்பூ அதிகம் செலவாகும் அல்லவா? நானோ அளவின் பலம் அதுதான். நம் வீட்டு நீர் வடிகட்டியில் இருக்கும் சிரட்டைக் கரியே நல்ல உதாரணம். அதன் நுண்துளைகளை விரித்தால், ஒரே கிராமில் 1,000 சதுர மீட்டர் பரப்பு தேறும். ஏறக்குறைய பன்னிரண்டு பூப்பந்துத் திடல்கள்! இரும்பு ஆக்சைடு நானோ துகள்களில் இன்னொரு வசதி உண்டு. சாயத்தைப் பிடித்ததும் காந்தத்தால் இழுத்துவிடலாம்.

கேட்க இனிக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் சுத்தமான நீரில் ஒரே ஒரு சாயத்தைக் கலந்துதான் சோதிக்கிறார்கள். அக்காவின் கால்வாயில் சாயம் மட்டுமா ஓடுகிறது? மெழுகு துளைகளை அடைக்கும். நிறம் நிற்கப் பூசும் சோடியம் சிலிக்கேட் நீரைக் கடும் காரமாக்கிவிடும். 99 விழுக்காடு நீக்கியது என்று யாராவது சொன்னால், எந்த நீரில் என்று கேட்கத் தோன்றுகிறது இப்போது.

அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். தோட்டத்தில் வேலை பார்த்தவர், நேராக விஷயத்துக்கு வந்தார்.

“சரிம்மா, புடிச்ச சாயத்த எங்க போடுவாங்க?”

பட்டம் வாங்கிய எனக்கு இது தோன்றவில்லை! கழுவி மீண்டும் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் பிடிப்பு குறையும். கழுவிய நீரிலும் சாயம்தான். எரித்தால் சாயம் அழியும், செம்பு அழியாது. உலோகக் கழிவு என்றால், உரிமம் பெற்றவர்களிடம் காசு கொடுத்து ஒப்படைக்க வேண்டும். ஒரு சட்டையில் சில ரிங்கிட் லாபம் பார்க்கும் அக்காவுக்கு, பொடியின் விலையைவிட இதுதான் பெரிய கணக்காக இருக்கும்.

போன ஞாயிறு அப்பாவின் சட்டையை முதல்முறை துவைத்தேன். வாளி நிறைய நீலம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு, வேறு வழி தெரியாமல், குளியலறைத் துவாரத்தில்தான் ஊற்றினேன்.