சூரியன் ஒன்று, மணிக்கூடு வேறு



தரம் 8 வகுப்பில் நேர வலயம் படிப்பித்தேன். சீனா எவ்வளவு அகலமான நாடு! ஆனால் 1949க்குப் பிறகு முழு நாட்டுக்கும் பெய்ஜிங் நேரம்தான். கிழக்கு மூலையில் ஃபூயுவானில் ஜூன் மாதம் 3 மணிக்கே விடிந்துவிடும். மேற்கே கஷ்கர் கிராமங்களில் டிசம்பரில் சூரியன் வர 10 மணி தாண்டும். அங்கே லுஹருடைய நேரம் வர மணிக்கூட்டில் கிட்டத்தட்ட 3 மணி!

"அப்ப அங்க ஒஃபீஸ் எத்தன மணிக்கு சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். பல அலுவலகங்கள் 10 மணிக்குத்தான் திறக்கும். உய்குர் மக்கள் பலர் தங்களுக்குள் இரண்டு மணித்தியாலம் பிந்திய உள்ளூர் நேரத்தையே பேசுவார்கள். மணிக்கூடு அரசாங்கத்துடையது, வேலை சூரியனுடையது.

நமக்கும் இது புதிதல்ல. மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. உம்மா இருட்டில் குப்பி விளக்கு வைத்துத் தலை சீவிவிட்டது இன்றும் நினைவிருக்கிறது.

இப்போது எந்த அரசாங்கமும் நேரத்தை மாற்றவில்லை. நாமாகவே விடியற்காலை 5.30க்கு ரியூசன் வைத்து, அதே இருட்டில் பிள்ளைகளை அனுப்புகிறோம். முதலாம் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்ந்துவிடுகிறது. அதட்ட எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேசுவோமா? ரியூசன் சேர்மாரும் வந்தால் நல்லது.