சிக்கறுக்கும் பொறுமை

நுழையும்முன்

தலைவாருதல் நாள்தோறும் நிகழும் சிறு செயல். ஆயினும் அதில் அறிவியலும் மரபும் குடும்பத்தின் அன்பும் கலந்துள்ளன. முடியில் சிக்கு எதனால் விழுகிறது, அதனைத் தடுக்கும் வழி யாது என்பன பற்றிய கருத்துக் கட்டுரை இப்பாடமாக அமைகிறது.

விடியற்காலை அவசரம்

பங்காருபேட்டைத் தொடர்வண்டிச் சந்திப்பு கதிரவன் எழுமுன்பே விழித்துக்கொள்கிறது. தங்கவயலின் மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டி இச்சந்திப்பின் வழியாகவே பெங்களூருவுக்குச் செல்கிறது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கத்தை நம்பி வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி முதலிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் பலர், அதன்பின் பெங்களூருவில் வேலை தேடிக்கொண்டனர். இன்றும் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் வண்டியேறிச் சென்று இரவில் வீடு திரும்புகின்றனர்.

அத்தகைய வீடுகளில் காலைப் பொழுது மிகக் குறுகியது. அடுப்பில் சோறு கொதிக்கிறது. கையில் சீப்பு இருக்கிறது. முன்னே மகள் அமர்ந்திருக்கிறாள். வண்டி வரும் நேரம் நெருங்க நெருங்கச் சீப்பின் வேகமும் கூடுகிறது. முதல் நாள் அவிழ்க்காத சிக்கு, மறுநாள் முடிச்சாக இறுகி நிற்கிறது. "மெதுவாம்மா" என்று மகள் கலங்குகிறாள். "அசையாமல் உட்காரடி" என்று தாய் அதட்டுகிறாள். அந்நாளில் இருவரும் பேசிக்கொள்ளும் முதற்சொற்கள் இவையே ஆகிவிடுகின்றன.

இதற்குப் பொதுவாக இரண்டு தீர்வுகள் கூறப்படுகின்றன. முடியை ஒட்ட வெட்டிவிடலாம் என்பது ஒன்று. விளம்பரத்தில் மின்னும் விலையுயர்ந்த புட்டியை வாங்கலாம் என்பது மற்றொன்று. இரண்டும் சிக்கின் காரணத்தை அறியாமல் கூறப்படும் தீர்வுகள். காரணத்தை அறிந்தால் கத்தரிக்கோலும் வேண்டா, பெருஞ்செலவும் வேண்டா.

சிக்கு எவ்வாறு உண்டாகிறது?

மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. முடியின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் ஓட்டுக்கூரையில் ஓடுகள் வேய்ந்ததுபோல வேரிலிருந்து நுனி நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. செதில்கள் படிந்திருக்கும்வரை முடி வழுவழுப்பாக இருக்கும். ஒளியைச் சீராக எதிரொளித்து மின்னும். அவை தூக்கிக்கொண்டாலோ உடைந்தாலோ ஒரு முடி மற்றொன்றைப் பற்றி இழுக்கும். அதுவே சிக்கு.

வெயில், வறட்சி, மிகுந்த சூடு, முரட்டுத் துணியால் தேய்த்துத் துவட்டுதல் ஆகியவை செதில்களைச் சிதைக்கின்றன. முடியின் நுனியே அதன் மிகப் பழைய பகுதி. முடி ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. எனவே, இடுப்பளவு நீண்ட கூந்தலின் நுனி பல ஆண்டுகளாக வெயிலையும் சீப்பையும் தாங்கியுள்ளது. சிக்கு பெரும்பாலும் நுனிப்பகுதியில் மிகுந்து காணப்படுவதற்கு இதுவே காரணம்.

மண்ணும் நீரும்

கோலார் மாவட்டம் வற்றாத ஆறு இல்லாத நிலம். முன்னோர் வெட்டிய ஏரிகளே அதன் செல்வம். ஏரிகள் வறண்டபின் மக்கள் ஆழ்துளைக் கிணறுகளை நாடினர். பாறைகளுக்கு இடையே நெடுங்காலம் தங்கிய நிலத்தடி நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் கரைந்திருக்கும். அதனையே கடினநீர் என்றும், பேச்சு வழக்கில் உப்புத்தண்ணீர் என்றும் கூறுகிறோம். சோப்பு அந்நீரில் எளிதில் நுரைக்காது. மாறாக, வெண்ணிறப் படிவாகத் திரியும். வாளியின் ஓரத்தில் ஒட்டும் அப்படிவே முடியிலும் ஒட்டி அதனைச் சொரசொரப்பாக்குகிறது.

ஆகவே, முடி முரடாக இருப்பதைக் கண்டு குழந்தையைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. தலைக்குக் குளியல் சோப்பைத் தேய்ப்பதைத் தவிர்க்கலாம். மழைநீர் மென்னீர், அதனைச் சேமித்து வைத்திருக்கும் வீட்டில் கடைசியாக ஒரு சொம்பு மழைநீரால் தலையை அலசலாம். நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கடினத்தன்மையின் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும். தெளிந்த நீரைப் பயன்படுத்தலாம்.

மரபு தந்தவை

கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, அளகம் எனத் தமிழில் முடிக்கு வழங்கும் பெயர்கள் பல. ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் ஐம்பால் என்றும் பெயர் உண்டு. கூந்தலின் மணம் இயற்கையா செயற்கையா என்று இறைவனும் புலவரும் வாதிட்டதாகத் திருவிளையாடற் கதை கூறுகிறது. அவ்வளவு சிறப்புப் பெற்ற கூந்தலைப் பேணத் தமிழர் சீயக்காயையும், உசிலை மர இலையை உலர்த்தி அரைத்த அரப்புத்தூளையும், செம்பருத்தி இலையையும், ஊறவைத்த வெந்தயத்தையும் பயன்படுத்தினர். செம்பருத்தியும் வெந்தயமும் தரும் வழுவழுப்பு, முடிகள் ஒன்றோடொன்று உராய்வதைக் குறைக்கிறது.

தேங்காயெண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்யவில்லை. குளிப்பதற்குமுன் எண்ணெய் பூசும் பாட்டியின் வழக்கத்திற்கு ஆய்வுக்கூடமும் இவ்வாறு சான்று தந்தது.

எனினும், பழையன யாவும் நன்றென்றும் புதியன யாவும் தீதென்றும் கொள்ளுதல் முறையன்று. சீயக்காய்த்தூளைக் கரகரப்பாக அரைத்து அழுத்தித் தேய்த்தால் சிக்கு மிகும். கண்ணில் பட்டால் எரியும். ஷாம்பு கடினநீரிலும் சோப்பைப்போலத் திரிவதில்லை. அது அதன் நன்மை. பெட்டிக்கடைகளில் சரமாகத் தொங்கும் சிறு பொட்டலத்திற்கும் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. ஷாம்புவைப் பொட்டலத்தில் அடைத்து எளியோருக்கும் எட்டச் செய்த முன்னோடிகளுள் ஒருவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். ஆகவே, எதைத் தேய்ப்பது என்பதைவிட எப்படிப் பேணுவது என்பதே முதன்மையான வினா.

இரவில் பத்து நிமிடம்

இங்கே வலியுறுத்த வேண்டிய கருத்து ஒன்றுண்டு. சிக்கெடுக்கும் வேலை காலையில் செய்ய வேண்டியதன்று. இரவில் செய்ய வேண்டியது. இரவில் துரத்துவதற்கு வண்டி இல்லை. பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

முதலில் முடியை இரண்டு அல்லது நான்கு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். அகன்ற பற்களை உடைய சீப்பை எடுத்து, நுனியிலிருந்து வாரத் தொடங்க வேண்டும். நுனி அவிழ்ந்தபின் சற்று மேலே செல்ல வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் சிறு சிக்குகள் யாவும் கீழே திரண்டு பெரிய முடிச்சாகிவிடும். சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டால் வேர் இழுபடாது; வலியும் இராது. இறுகிய முடிச்சில் இரண்டு துளி எண்ணெய் தடவி விரலால் பிரிக்கலாம். சிக்கெடுத்த கூந்தலைத் தளர்வாகப் பின்னிவிட்டு உறங்கினால் காலையில் மேலோட்டமாக வாரினாலே போதும்.

நனைந்த முடி எளிதில் நீண்டு அறும். எனவே, ஈரத்துடன் அழுத்தி வாருதலும் இறுக்கிப் பின்னுதலும் கூடா. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பள்ளிக்கு இரட்டைப்பின்னல் அழகுதான். ஆனால் நெற்றித்தோல் இழுபடும் அளவுக்கு நாள்தோறும் இறுக்கினால் முன்நெற்றியில் முடி உதிரக்கூடும். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது இயல்பே. சீப்பில் சில முடிகளைக் கண்டு அஞ்ச வேண்டா.

முடியின் வேர் உணவில் உள்ளது என்பதையும் மறத்தலாகாது. புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் எந்த எண்ணெயும் ஈடு செய்யாது. கோலார் மண்ணில் விளையும் கேழ்வரகும், வீட்டில் வேகும் பருப்பும் கீரையும், இயன்றால் முட்டையும் கூந்தலுக்கும் உணவாகும்.

யாருடைய வேலை?

பத்து வயதைக் கடந்த பிள்ளை தன் தலையைத் தானே வாரக் கற்க வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அண்ணன் தங்கைக்குச் சிக்கெடுத்துவிடுவதில் இழுக்கு ஏதுமில்லை. தந்தை பின்னல் பின்னக் கற்றுக்கொள்வதிலும் இல்லை. வீட்டுவேலையையும் வெளிவேலையையும் ஒருங்கே சுமக்கும் தாயின் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொள்வது, அவருக்குச் செய்யும் பேருதவி.

முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள விரும்பும் பெண் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம்; அது அவள் விருப்பம். ஆனால் வலிக்கு அஞ்சியோ நேரமில்லை என்று பிறர் சலித்துக்கொள்வதாலோ அவள் கூந்தலை இழத்தல் தகாது. இரவில் பத்து நிமிடம் ஒதுக்கும் வீட்டில் காலையில் கண்ணீர் இராது. தாயும் மகளும் சிரித்துப் பேசி விடைபெற்றுக்கொள்ளலாம்.

சொல்லும் பொருளும்

வழித்தோன்றல் – சந்ததி
உராய்தல் – உரசுதல்
திரிதல் – தன்மை மாறிக் கட்டியாதல்
இழுக்கு – குறை, இகழ்ச்சி

சிந்தித்து எழுதுக

1. முடியை நுனியிலிருந்து வாரத் தொடங்க வேண்டும் என்பதற்குக் கட்டுரை கூறும் காரணம் யாது?
2. உம் வீட்டு நீர் கடினநீரா, மென்னீரா என்பதைச் சோப்பு நுரையைக் கொண்டு கண்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.
3. "தலைவாருதல் தாயின் வேலை மட்டுமன்று" – இக்கருத்தை ஏற்கிறீரா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.