சங்கிலியைக் கழற்றாதீங்க சாமிகளா!

வாரக்கடைசியானால் புனேயில் எங்கள் கூட்டம் வேதாள் டேக்டி ஏறிவிடும். கையில் ஜிபிஎஸ், கூடவே நாலு நாய்கள். ஜியோகேச்சிங்காம்! 2000 மே மாதம் அமெரிக்காவின் ஆரெகனில் ஒருவர் ஒளித்துவைத்த வாளியில் தொடங்கிய புதையல் விளையாட்டு. டப்பாவைக் கண்டுபிடி, நோட்டில் பெயரெழுது, ஒரு பொருளை எடுத்தால் சம மதிப்பில் இன்னொன்றை வை. டெபிட்டுக்குக் கிரெடிட். பேங்க்காரனுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

ஆனால் மேலே போனதும் நண்பர்கள் நாய்ச் சங்கிலியைக் கழற்றி விடுகிறார்கள். கேட்டால், "பாவம், ஓடட்டுமே!"

தரையில் முட்டையிடும் மயில் பாவமில்லையா? 1972 வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் மயிலும் இருக்கிறது. அஞ்சு ரூபாய் பொம்மைக்குக் கணக்குப் பார்க்கும் புண்ணியவான்களே, உடைந்த முட்டைக்கு எதை ஈடு வைப்பீர்கள்?

சங்கிலி கையில் இருக்கட்டும். முடியாதென்றால் நாய் வீட்டில் இருக்கட்டும்.