பிள்ளை பேசும்வரை எழுத்து காத்திருக்க வேண்டுமா?



"முதலில் பிள்ளை பேசட்டும், எழுத்தைப் பிறகு பார்ப்போம்."

பேச்சு பிந்திய பிள்ளையைத் தரம் 1இல் சேர்க்க வரும் உம்மாமாரிடம் நம் ஆசிரியர்கள் பலர் சொல்வது இது. ஆலோசனை மாதிரி இருக்கும். உண்மையில் தட்டிக்கழிப்பு.

வகுப்பில் என்ன நடக்கிறது? பலகையில் 'பால்' என்று எழுதி "வாசி" என்கிறோம். பிள்ளை "பா" என்கிறது. பிழை போடுகிறோம். நாம் சோதித்தது நாக்கை, வாசிப்பை அல்ல.

'பல்', 'பால்' என்று இரண்டு அட்டை எழுதி முன்னால் வையுங்கள். "பால் எது?" என்று கேளுங்கள். ஒருமுறை சரியாகத் தொட்டால் தற்செயலாக இருக்கலாம். இடம் மாற்றி மாற்றி வைத்தும் சரியாகத் தொட்டால் பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியும். வாயில் இரண்டும் ஒன்றாக வந்தாலும் அட்டையில் அந்த அரவு கண்ணுக்குத் தெரிகிறது. சொன்னதும் மறைந்துவிடும் சத்தத்தை எழுத்து பிடித்து வைத்துக் காட்டுகிறது. பேச்சுக்கே கைகொடுக்கக்கூடிய எழுத்தைப் பேச்சு வரும்வரை மறைத்து வைப்பது என்ன நியாயம்?

"வகுப்பு நிறையப் பிள்ளைகள், நேரம் எங்கே?" என்பீர்கள். ஐந்து நிமிட வேலை. மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்.

வீட்டாருக்கும் ஒன்று. "ஆம்பிளப் பிள்ளை பிந்தித்தான் பேசும், வாப்பாவும் அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள். கிளினிக் புத்தகத்தோடு குடும்ப நல மாதுவைச் சந்தியுங்கள்.

பேச்சுச் சிகிச்சைக்குப் பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் நடக்கிறது. அங்கே படித்துத் தமிழில் சிகிச்சை தரும் ஒருவர் நம் பக்கம் கிடைப்பது லேசில்லை. கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அவர் வரும்வரை பிள்ளையின் வயது நிற்காது.

இயலாமையைக் காட்டிப் பள்ளி அனுமதியில் பாகுபாடு செய்யக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சேர்த்துவிட்டுப் பின் வாங்கில் சும்மா இருத்தினால் அது சேர்த்ததாகுமா? ஓதுப் பள்ளியிலும் இதே கதைதான். சத்தமாக ஓதாத பிள்ளைக்குக் கடைசி இடம்.

ஆசிரிய நண்பர்களே, நாளைக்குப் பத்து அட்டை வெட்டுங்கள். அந்தப் பிள்ளையை முன் வாங்குக்குக் கூப்பிடுங்கள். வாயால் முடியாவிட்டால் விரலால் பதில் சொல்லட்டும். அதற்கும் சரி போடுங்கள்.