நடந்ததைச் சொல்லத் தெரிய வேண்டும்

நம் தமிழ்க் குடும்பங்கள் நாலு பேர் கூடும் இடத்தில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "பிள்ளை இங்கிலீஷ் மீடியத்தில்தான் படிக்கிறான். ஆனால் நேற்று என்ன நடந்தது என்று கேட்டால் இங்கிலீஷில் நாலு வாக்கியம் ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது" என்பதே அது. இப்போது நடப்பதைச் சொல்லிவிடுகிறார்கள். நாளை செய்யப்போவதையும் ஒருவாறு சொல்லிவிடுகிறார்கள். நடந்து முடிந்ததைச் சொல்ல வரும்போதுதான் 'டிட் நாட் வென்ட்' என்றும், 'ஐ ஹேவ் ஸீன் ஹிம் யெஸ்டர்டே' என்றும் தடுமாறுகிறார்கள்.

இதற்குப் பெற்றோர் பலர் கண்டுபிடித்திருக்கும் மருந்து, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்திலேயே பேசுவது. இந்த மருந்து நோயைத் தீர்க்காது என்பது என் கருத்து. நம் பிள்ளைகளுக்கு இறந்தகாலத்தைச் சொல்லிக்கொடுக்க நம் கையில் நல்ல கருவி இருக்கிறது. அதை எறிந்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறோம்.

பொழியூரை எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள கடற்கரை ஊர் அது. தெற்கே கால் வைத்தால் குமரி மாவட்டத்து நீரோடி. 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நம்மில் பெரும்பாலோர் எல்லையைத் தாண்டி வந்து குடியேறியவர்கள். பொழியூர், பாறசாலைப் பக்கத்துத் தமிழர்களோ இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்லைதான் அவர்களுக்குத் தெற்கே வந்து விழுந்தது. அங்கே பிள்ளையின் காதில் வீட்டிலும் கரையிலும் தமிழும் மலையாளமும் கலந்தே விழுகின்றன. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் மூன்றாவதாக வந்து சேர்கிறது. மூன்று மொழிகளிலும் 'நேற்று' எப்படிச் சொல்லப்படுகிறது என்று பார்த்தால், நமக்கு ஒரு பாடம் கிடைக்கும்.

தமிழில் நான் போனேன், நீ போனாய், அவன் போனான், அவர்கள் போனார்கள் என்று ஆளுக்கு ஆள் வினை மாறுகிறது. மலையாளத்தில் அந்த மாற்றம் இல்லை. ஞான் போயி, நீ போயி, அவன் போயி, அவர் போயி, அவ்வளவுதான். 'கேரள பாணினீயம்' எழுதிய ஏ.ஆர். ராஜராஜவர்மா, மலையாளம் தமிழிலிருந்து பிரிந்து நின்றதற்கு ஆறு அடையாளங்கள் கூறினார். வினையில் இட வேறுபாடு நீங்கியது அவற்றில் ஒன்று. ஆங்கிலமும் இந்த வழியில்தான் போகிறது. ஐ வென்ட், யூ வென்ட், ஹி வென்ட், தே வென்ட். 'வாஸ்', 'வேர்' என்ற ஒரு ஜோடியில் மட்டும் வேறுபாடு மிஞ்சியிருக்கிறது. ஆகவே மலையாளம் கேட்டு வளர்ந்த தமிழ்ப்பிள்ளைக்கு, "ஆங்கில இறந்தகாலம் 'போயி' மாதிரி, ஆள் மாறினாலும் சொல் மாறாது" என்று ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

அடுத்தது எதிர்மறை. 'டிட் நாட் வென்ட்' என்று எழுதிய பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையால் கோடு விழுகிறது. ஏன் தவறு என்பது விளங்குவதில்லை. இங்கே மலையாளத்தைவிடத் தமிழ் உதவுகிறது. மலையாளத்தில் 'போயில்ல' என்பார்கள். 'போயி' என்ற இறந்தகாலச் சொல் அப்படியே நிற்க, 'இல்ல' சேர்கிறது. தமிழில் 'போனேன்' என்பதன் எதிர்மறை 'போகவில்லை'. 'போனவில்லை' என்று எந்தத் தமிழ்க்குழந்தையும் சொல்வதில்லை. இல்லை வந்தவுடன் வினை தன் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, 'போக' என்று நிற்கிறது. ஆங்கிலத்திலும் 'டிட்' வந்தவுடன் 'வென்ட்' தன் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, 'கோ' என்று நிற்கிறது. போகவில்லை, டிட் நாட் கோ. இதை ஒரு முறை சொல்லிக்காட்டினால் குழந்தைக்குப் பிடிபடும்.

'நேற்று போவது' போன்ற இன்னொரு விந்தையும் உண்டு. "தாத்தா அந்தக் காலத்தில் விடியுமுன் கடலுக்குப் போவார்" என்கிறோம். சொல் எதிர்காலச் சொல், பொருளோ முன்பிருந்த வழக்கம். ஆங்கிலத்தில் இதற்கு 'யூஸ்ட் டு கோ' என்பார்கள், 'வுட் கோ' என்றும் சொல்வார்கள். 'வுட்' என்பதும் எதிர்காலத்துக்குரிய 'வில்' என்பதன் உறவுதான். தமிழ் அறிந்த பிள்ளைக்கு இது புதிதே அல்ல.

தமிழ் எல்லா இடத்திலும் வழி காட்டுமா என்றால், இல்லை. சில இடங்களில் வழி மாற்றியும் விடும். "நேற்று கோயிலுக்குப் போயிருந்தேன்" என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். அதையே 'ஐ ஹேட் கான்' என்று பெயர்த்தால் ஆங்கிலக்காரர் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். போயிருந்தபோது வேறு என்ன நடந்தது என்று எதிர்பார்ப்பார். தனியாக நிற்கும் செய்திக்கு 'ஐ வென்ட்' போதும். அதுபோல, வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு "நேற்று யாரோ வந்திருக்கிறார்கள்" என்று தமிழில் ஊகித்துச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'ஹேவ்' என்பதோடு 'யெஸ்டர்டே' சேராது. இந்த இடங்களைக் குறித்துவைத்துச் சொல்லிக்கொடுப்பதற்கும் வீட்டில் தமிழ் இருந்தாக வேண்டும். தமிழே தெரியாத பிள்ளைக்கு எதனோடு ஒப்பிட்டுக் காட்டுவது?

இதெல்லாம் பரீட்சை மதிப்பெண்ணுக்கான காரியம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. பொழியூர் முதலான திருவனந்தபுரம் கரையிலும், நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் முதலான குமரிக் கரையிலும் பல வீடுகளில் ஆண்கள் திரும்பவில்லை. அந்தப் பக்கத்துத் தொழிலாளர்களில் பலர் நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள். அப்போது எழுந்த பெரிய கேள்வி, எச்சரிக்கை எப்போது வந்தது, படகுகள் எப்போது போயின என்பது. "எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கடலுக்குப் போனார்கள்" என்பது ஒரு வாக்கியம். "எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கடலுக்குப் போயிருந்தார்கள்" என்பது வேறொரு வாக்கியம். முதலாவது, சொன்னதைக் கேளாமல் போனார்கள் என்று பழியை மீனவர் தலையில் வைக்கிறது. இரண்டாவது, செய்தி எட்டுவதற்கு முன்பே போய்விட்டவர்கள் என்ற உண்மையைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் 'தே வென்ட்', 'தே ஹேட் கான்' என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் இதுதான். ஒரு மனுவிலோ, டெல்லிக்கு எழுதும் கடிதத்திலோ, வெளிநாட்டுப் பத்திரிகைக்குச் சொல்லும் பேட்டியிலோ அந்தச் சின்ன 'ஹேட்' விடுபட்டால் நியாயமே மாறிப்போகும். எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், அந்த வீடு தனக்கு நடந்ததைத் தன் வாயாலேயே உலகுக்குச் சொல்லலாம்.

"அதற்குத்தானே வீட்டிலும் ஆங்கிலம் பேசுகிறோம், பேசப் பேசத்தானே வரும்" என்று சிலர் கேட்கலாம். பேசிப் பழக வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாம் பேசும் ஆங்கிலத்தையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அலுவலகத்துக்கும் கடைக்கும் போதுமான ஆங்கிலம் நம்மில் பலரிடம் உண்டு. ஒரு கல்யாணத்தை, ஒரு வெள்ளத்தை, பாட்டி பட்ட பாட்டை முதலிலிருந்து முடிவுவரை சொல்லும் ஆங்கிலம் எத்தனை பேரிடம் உண்டு? தமிழில் அதே கதையை நாம் போனதும், போயிருந்ததும், போய்க்கொண்டிருந்ததும், போவதுமாகக் காலம் பிசகாமல் சொல்லிவிடுவோம். முன்னது எது, பின்னது எது என்ற வரிசை பிள்ளையின் மனத்தில் முதலில் பதிய வேண்டும். அது பதிந்த பிறகு ஆங்கிலச் சொற்களை அந்தந்த இடத்தில் வைப்பது ஆசிரியரின் வேலை. வரிசையே பதியாத பிள்ளைக்கு இலக்கணப் புத்தகத்துக் கட்டங்களை மனப்பாடம் செய்வித்துப் பயன் இல்லை.

அரசியல் சட்டத்தில் 350-ஏ என்ற பிரிவு உண்டு. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கு ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி வழியே கற்பிக்க வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்ததும் பொழியூருக்குத் தெற்கே எல்லை விழுந்த அதே 1956 நவம்பர் 1 அன்றுதான். சட்டம் கேட்கச் சொன்னதை அரசிடம் கேட்போம். அரசைக் கேட்காமலேயே வீட்டில் செய்யக்கூடியதை நாமே செய்வோம்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் எளியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அப்பாவோ அம்மாவோ பாட்டியோ முன்பு நடந்த ஒன்றைத் தமிழில் சொல்லட்டும். பிள்ளை அதைத் தமிழில் திருப்பிச் சொல்லட்டும். மறுநாள் அதையே ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதட்டும். தவறு வந்தால், "தமிழில் இதை எப்படிச் சொன்னாய்?" என்று கேட்டுத் திருத்துங்கள். சங்கம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் மாதம் ஒரு நாள் இப்பயிற்சியைச் சேர்க்கலாம். ஆங்கிலம் நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நம் உறுப்பினர்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் முன்வந்தால் ஒப்பிட்டுக் காட்டும் சிறு கைப்பிரதி ஒன்றைத் தயாரித்துவிடலாம். பொழியூர், பாறசாலைப் பக்கத்து அன்பர்கள் தங்கள் ஊர்ப் பேச்சில் நடந்ததை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதி அனுப்பினால் அதற்குப் பெரிதும் உதவும். விடுமுறைக்கு முன்பே இதைத் தொடங்குவோம்.