ஏசி யாருக்கு? கம்ப்யூட்டருக்கா, உங்களுக்கா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், கம்ப்யூட்டர் ரூமுக்கு ஏசி போட்டே ஆக வேண்டுமா?"

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் கல்லூரியில் கம்ப்யூட்டர் இருந்த அறையில் மட்டும்தான் ஏசி ஓடும். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். அந்தப் பயபக்தி இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏசி தேவையில்லை என்பதே என் கருத்து. பெரும்பாலான டெஸ்க்டாப்களை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறையில் இயக்கலாம். சிபியு பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அதன் ஃபேனில் சேரும் தூசியை அவ்வப்போது, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, சுத்தம் செய்யுங்கள். மே மாத உச்சி வெயிலில் அறை மிகவும் சூடாகிவிட்டால், வேலையைக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது.

கணக்கையும் பாருங்கள். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர் 100 முதல் 200 வாட் வரை எடுத்துக்கொள்ளும். ஒரு யூனிட் மின்சாரத்தில் 5 முதல் 10 மணி நேரம் ஓடும். ஒன்றரை டன் விண்டோ ஏசியோ, கம்ப்ரஸர் தொடர்ந்து ஓடினால் ஒரு மணி நேரத்திலேயே சுமார் ஒன்றரை யூனிட்டை விழுங்கிவிடும்.

சரி, உங்களுக்காகவே ஏசி வாங்குகிறீர்கள். தாராளமாக வாங்குங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு விண்டோ ஏசி வசதியானதுதான். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். ஆனால் ஜன்னல் கம்பியை வெட்டும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இங்கே என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஏசி மாட்ட வந்தவர், கம்ப்யூட்டர் மேஜைக்குப் போகும் லைனிலேயே இணைப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அறை ஜில்லென்று ஆனது. ஆனால் கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் ட்யூப் லைட் மங்கும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். மகள் இரவு முழுவதும் டைப் செய்த கல்லூரி ப்ராஜெக்ட் ஒருநாள் அப்படித்தான் பாதியில் போனது. கம்ப்யூட்டரைத்தான் குறை சொன்னோம். கோளாறு வயரிங்கில் இருந்தது.

கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில், ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். அந்த லைனில் வோல்டேஜ் இறங்கும். ஆகவே ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்சிபி, 16 ஆம்பியர் சாக்கெட், சரியான எர்த் ஆகிய நான்கும் அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏசியைச் செருகவே கூடாது. வயர் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸிலும் ஏசியை இணைக்காதீர்கள். அது தாங்காது. கூடுதல் லோடுக்கு மின்வாரிய அனுமதி தேவையா என்றும் விசாரியுங்கள்.

ஏசி பெட்டியின் வெளிப்பக்கம் சற்றே சரிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அறைக்குள் சொட்டும். எப்படியும் ஏசிக்கு நேர் கீழே கம்ப்யூட்டரை வைக்காதீர்கள்.

ஏசி வாங்கும்போது எத்தனை ஸ்டார் என்று கடைக்காரரிடம் கேட்கிறோம். நல்லதுதான். ஆனால் அதற்கு முன், வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பட்ஜெட் இடித்தால் ஏசியை அடுத்த கோடைக்குத் தள்ளி வையுங்கள். வயரிங்கைத் தள்ளி வைக்காதீர்கள். அது கம்ப்யூட்டரையும் காக்கும், வீட்டில் இருப்பவர்களையும் காக்கும்.