பிறவிக் குணமா, வளர்ப்பா?

ஒரு வயிற்றில் பிறந்து ஒரே சோற்றை உண்ட பிள்ளைகள் இருவர் இருவேறு திசையில் நிற்பதைக் காணாத வீடு உண்டோ? மூத்தவன் சொல் தட்டாதவன். இளையவன் எடுத்ததற்கெல்லாம் எதிர்வாதம் புரிபவன். ‘உன் வளர்ப்பு’ என்று தந்தையும், ‘உங்கள் வீட்டு இரத்தம்’ என்று தாயும் பழியை மாற்றிக்கொள்வது நம் இல்லங்களில் பழகிய வழக்கு.

இவ்வழக்கை ஆராய்ந்த அறிஞர்கள் இரட்டையரைத் துணைக்கொண்டனர். ஒரே கரு பிரிந்து பிறந்தோர்க்கு மரபணு ஏறத்தாழ ஒன்றே. இரு கருவாய்ப் பிறந்தோர் மற்ற உடன்பிறந்தாரைப் போன்றவரே. முன்னவர் எவ்வளவு மிகுதியாக ஒத்திருக்கின்றனர் என்று அளந்தால் பிறப்பின் பங்கு புலப்படும். இத்தகைய 2,748 ஆய்வுரைகளைத் திரட்டி 2015-இல் வெளியான தொகுப்பு, மனிதரிடையே காணும் வேறுபாட்டில் சராசரியாக 49 விழுக்காடு மரபணு வழியது என்றது. இது மக்கள் கூட்டத்தைப் பற்றிய கணக்கு. நம் பிள்ளையைப் பாதி பாதியாகக் கூறு போடும் கத்தியன்று.

எஞ்சிய பங்கும் முழுதும் பெற்றோருடையதன்று. நட்பு, நோய், ஆசிரியர், தற்செயல் எனத் தனித்தனியே வாய்ப்பனவும் அதில் அடங்கும். திருத்தணி அந்நாளில் கார்வேட்டிநகர ஜமீனைச் சேர்ந்தது. 1960-இல் மீண்டும் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அங்கே 1888-இல் பிறந்த இராதாகிருஷ்ணனின் தந்தையார் ஜமீன் வருவாய்த் துறையில் சிற்றூழியர். மகன் தத்துவம் பயின்றது தந்தை வகுத்த வழியன்று. பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தார்; கைப்பொருள் குறைந்த மாணவர்க்கு அதுவே பாடமாயிற்று. கூர்மதி பிறப்பால் வந்திருக்கலாம். துறை வந்ததோ பழைய புத்தகக் கட்டின் வழியாக!

ஆனால் எம்மொழி பேசுவது என்பதில் மரபணுவுக்குச் சிறிதும் பங்கில்லை. பேசக் கற்கும் ஆற்றலே பிறவியில் வருவது; தமிழா தெலுங்கா என்பதைச் சுற்றியிருப்போரே முடிவு செய்கின்றனர். கார்வேட்டிநகரம், சித்தூர், திருப்பதிப் பக்கம் குடிபுகுந்த நம் குடும்பங்களுக்கு இது புதிதன்று. தாய் தமிழில் அழைப்பாள். பிள்ளை தெருவில் கற்ற தெலுங்கில் விடை சொல்லும். தெலுங்கு வருவது நன்றே. தமிழ் போவதுதான் கவலை.

அமெரிக்கரான ஜூடித் ரிச் ஹாரிஸ் 1998-இல் வெளியிட்ட நூலில், குடியேறியோர் பிள்ளைகள் பெற்றோரின் உச்சரிப்பை விட்டு விளையாட்டுத் தோழரின் உச்சரிப்பையே பற்றுவதைச் சான்றாகக் காட்டினார். பெற்றோரின் செல்வாக்கை அவர் குறைத்த அளவு சற்று மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது. மொழியைப் பற்றிய கூற்றோ நாம் நாள்தோறும் காண்பது.

ஆகவே, ‘வீட்டில் தமிழிலேயே பேசு’ என்று அதட்டுவது மட்டும் போதாது. பிள்ளைக்குத் தமிழ் பேசும் தோழர் வேண்டும். கோடை விடுமுறையில் தாத்தா பாட்டி ஊருக்கு அனுப்பி, அத்தை மாமன் பிள்ளைகளோடு மாதம் ஒன்று ஆடவிடலாம். அதற்கு வழியில்லாதோர் ஞாயிறு மாலையில் நான்கு வீட்டுக் குழந்தைகளை ஒரு முற்றத்தில் கூட்டுக. பாடம் வேண்டா, பல்லாங்குழியும் கதையும் போதும். பெரியவர்கள் சற்றுத் தள்ளியே அமர்க.